பழைய இத்தாலியச் சைக்கிளின் எஃகுச் சட்டகம்: பெருமைக்குக் காரணம் எது?

பழைய இத்தாலியப் பந்தயச் சைக்கிளை வைத்திருப்பவர் அதைக் காட்டத் தொடங்கினால் முதலில் காட்டுவது நிறத்தையும் முத்திரையையும்தான். பியாங்கி என்றால் நீலமும் பச்சையும் கலந்த ‘செலஸ்தே’ நிறம். கொல்னாகோ என்றால் சீட்டுக்கட்டிலுள்ள கிளாவர் இலை. அதற்குப் பிறகு, விவரம் தெரிந்தவராக இருந்தால், மேல்குழாயின் நடுவில் நகத்தால் ஒருமுறை சுண்டுவார். கணீரென்று ஒலிக்கும். அப்படியே சுண்டிக்கொண்டே முனையை நோக்கி வந்தால், இணைப்புக்குச் சில அங்குலம் முன்பே ஒலி சட்டென்று மந்தமாகிவிடும். குழாயின் வெளிவிட்டமும் வண்ணப்பூச்சும் எங்கும் ஒன்றுபோல இருக்க, ஒலி மட்டும் மாறுவதற்குக் காரணம் உள்ளே ஒளிந்திருக்கிறது. அந்த இடத்தில் குழாயின் சுவர் தடிக்கிறது.

மிலான் நகரில் ஆஞ்சலோ லூயிஜி கொலம்போ 1919-இல் தொடங்கிய நிறுவனத்தின் வழிவந்த ‘கொலம்பஸ்’ குழாய்கள்தாம் இத்தகைய சைக்கிள்கள் பலவற்றின் உடல். அவற்றுள் பேர்பெற்ற ‘எஸ்.எல்.’ வகையின் சுவர் முனைகளில் 0.9 மில்லிமீட்டர், நடுவில் வெறும் 0.6 மில்லிமீட்டர். கீழ்க்குழாயின் விட்டம் 28.6 மில்லிமீட்டர். இரண்டு அஞ்சலட்டைகளை ஒட்டிவைத்த அளவுக்குத்தான் சுவர்த் தடிமன் உள்ள எஃகுக் குழாய்களின்மேல் ஆளை ஏற்றி, மலைச்சரிவில் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் இறக்குகிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால் சற்று வயிற்றைக் கலக்கும்.

குழாய் நடுவில் ஏன் மெலிய வேண்டும்? சட்டகத்தில் வளைவிசை மிகுவது குழாய்கள் சந்திக்கும் இடங்களில்தான். நடுப்பகுதிக்கு அவ்வளவு சுமை இல்லை. மேலும், குழாய்களைப் பற்றவைக்கும் சூட்டில் எஃகு தன் வலிமையில் ஒரு பகுதியை இழப்பதும் முனைகளில்தான். ஆகவே தேவையான இடத்தில் உலோகத்தை விட்டுவைத்து, மற்ற இடத்தில் குறைத்தார்கள். வெளிப்பக்கத்தைத் தொடாமல் உள்ளே மட்டும் இதைச் செய்வதில் ஒரு சிக்கல் உண்டு. நடுவில் பருத்தும் ஓரங்களில் சிறுத்தும் இருக்கும் ஒரு கம்பியைக் குழாய்க்குள் நுழைத்து, இரண்டையும் சேர்த்து இறுக்கமான துளை வழியே இழுத்தால், குழாய் அந்தக் கம்பியின் வடிவத்தை உள்ளே வாங்கிக்கொள்ளும். ஆனால் பருத்த நடுப்பகுதி உள்ளே சிக்கிக்கொள்ளுமே, கம்பியை வெளியே எடுப்பது எப்படி? சாய்வாக வைத்த உருளைகளுக்கிடையே குழாயைச் சுழலவிட்டு நசுக்கும்போது குழாய் மயிரிழை அளவு அகன்று கம்பியை விட்டுக்கொடுக்கிறது. கம்பியை உருவியபின் குழாயை மீண்டும் உரிய விட்டத்துக்கு இழுத்துக்கொள்கிறார்கள். உரிமையாளர் பெருமைப்பட வேண்டியது நிறத்தைவிட இந்த வேலைப்பாட்டுக்குத்தான் என்பது என் கட்சி.

இவ்வளவு மெலிந்த குழாய் நிற்பதற்கு அதன் கலவை காரணம். குரோமியமும் மாலிப்டினமும் சிறிதளவு சேர்ந்த இந்த எஃகு, சாதாரண எஃகைவிட ஏறத்தாழ இரு மடங்கு வலிமை கொண்டது. ஆனால் இங்கே பலரும் தடுமாறும் ஓர் இடம் இருக்கிறது. வலிமை வேறு, விறைப்பு வேறு. எவ்வளவு உயர்ந்த கலவையானாலும் எஃகின் விறைப்பு மாறுவதில்லை. அது மலிவான எஃகுக்கும் ஒன்றுதான். நல்ல கலவை தரும் ஆதாயம், உடையாமல் சுவரை மெலிதாக்கலாம் என்பது மட்டுமே. விட்டத்தை மாற்றாமல் சுவரை மூன்றில் ஒரு பங்கு குறைத்தால் எடையோடு விறைப்பும் ஏறக்குறைய அதே பங்கு குறையும். பழைய எஃகுச் சட்டகம் மிதிக்கும்போது பக்கவாட்டில் லேசாக நெளிவதன் கணக்கு இதுதான். எடைக் குறைப்பு எதுவரை போனது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: 1972 அக்டோபர் 25 அன்று மெக்சிகோ நகரில் பெல்ஜியப் பந்தய வீரர் எடி மெர்க்ஸ் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் ஓட்டிச் சாதனை படைத்தபோது, எர்னஸ்டோ கொல்னாகோ அவருக்காகக் கட்டிய சைக்கிளின் எடை ஆறு கிலோவுக்கும் குறைவு.

குழாய்களை இணைப்பதற்கு ‘லக்’ எனப்படும் எஃகு உறைகள் பயன்பட்டன. குழாய்க்கும் உறைக்கும் இடையே உள்ள நூலிழை இடைவெளியில், உருகிய பித்தளையோ வெள்ளிக் கலவையோ விளக்குத்திரியில் எண்ணெய் ஏறுவதுபோலத் தானே ஏறிப் பரவும். பித்தளைக்கு 900 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பம் வேண்டும். வெள்ளிக் கலவைக்கு 700 டிகிரியே போதும். எஃகு உருகுவதற்கு 1,500 டிகிரி வரை போக வேண்டும் என்பதால் குழாய் உருகாமல் தப்பிக்கிறது.

இனி, உரிமையாளர்கள் தவறாமல் சொல்லும் ஒரு வாக்கியத்துக்கு வருவோம்: “எஃகுச் சட்டகம் குலுக்கலை அப்படியே விழுங்கிவிடும்.” இதில் பாதிதான் உண்மை. முக்கோணங்களால் ஆன சட்டகம் பாலத்தின் தாங்குசட்டம் போன்றது. மேலிருந்து வரும் சுமைக்கு அது வளைந்துகொடுப்பதில்லை என்றே சொல்லலாம். டயரில் உள்ள காற்று அமுங்கும் அளவோடு ஒப்பிட்டால் சட்டகத்தின் அசைவு ஒன்றுமே இல்லை. உண்மையில் நெளிவது முன் ஃபோர்க்தான். நுனியில் முன்னோக்கி வளைந்து மெலியும் அதன் கால்கள் ஒரு வில்லைப்போல அசைந்து, சாலையின் அதிர்வு கைக்கு வருமுன் கொஞ்சத்தை வாங்கிக்கொள்கின்றன. அந்த வளைவுக்கு வேறொரு வேலையும் உண்டு. ஹேண்டில்பார் திரும்பும் அச்சைத் தரைவரை நீட்டினால், அது டயர் தரையைத் தொடும் புள்ளிக்குச் சற்று முன்னால் விழும். 73 டிகிரிச் சாய்வும் 45 மில்லிமீட்டர் வளைவும் கொண்ட சைக்கிளில் இந்த இடைவெளி சுமார் 55 மில்லிமீட்டர். சக்கரம் அச்சின் பின்னால் இழுபட்டு வருவதால், வண்டி சாயும்போது முன்சக்கரம் சாயும் பக்கமாகவே திரும்பி வண்டியை நிமிர்த்த உதவுகிறது. வளைவைக் கூட்டினால் இடைவெளி குறைந்து வண்டி பரபரக்கும். குறைத்தால் திரும்ப மறுக்கும்.

எஃகின் மற்றொரு குணத்தைப் பழுதுபார்ப்பவர்கள் நன்கு அறிவார்கள். பழைய சட்டகத்தில் பின்சக்கரத்துக்கான இடம் 126 மில்லிமீட்டர். பிற்காலச் சக்கரத்துக்கு வேண்டியது 130. ஒவ்வொரு பக்கமும் இரண்டு மில்லிமீட்டர் இழுத்துவைத்தால் எஃகு அப்படியே நின்றுவிடும். அலுமினியத்தில் இந்த விளையாட்டு ஆகாது, விரிசல் விடும். ஓர் எல்லைக்குக் கீழே எத்தனை கோடி முறை குலுக்கினாலும் எஃகு களைப்பதில்லை. துரு மட்டும்தான் அதன் எதிரி, அதுவும் கண்ணில் படாமல் உள்ளேயிருந்து வரும் துரு.

குறையே இல்லையா என்றால், இத்தாலியர்களுக்கே உரிய ஒன்று இருக்கிறது. மிதிக்கட்டைகளை இணைக்கும் நடு அச்சைத் தாங்கும் பி.பி. (பாட்டம் பிராக்கெட்) கப் இரண்டுக்கும் அவர்கள், வலப்புறம் திருகினால் இறுகும் வழக்கமான வலமரையையே வைத்தார்கள். அளவிலும் ஒரு கலப்பு, விட்டம் 36 மில்லிமீட்டர், மரை அங்குலத்துக்கு 24. பிரிட்டிஷ் முறையிலோ வலப்பக்கக் கப்புக்கு இடமரை. காரணம் அறிய ஒரு பென்சிலைக் கையில் தளர்வாகப் பிடித்து, வெளியே நீட்டிய நுனியை வட்டமாகச் சுற்றுங்கள். பென்சில் தன்னளவில் எதிர்த்திசையில் உருள்வதை உணரலாம். அச்சின்மேல் விழும் சுமை சுற்றிச்சுற்றி அழுத்தும்போது, கப்பும் சட்டகத்திலுள்ள தன் கூட்டுக்குள் இப்படித்தான் எதிர்த்திசையில் சிறுகச் சிறுக நகர்கிறது. வலப்பக்கத்தில் அது வலமரை கழலும் திசை. அதனால்தான் விவரம் தெரிந்த உரிமையாளர், நீண்ட ஸ்பேனரால் அதை இறுக்கியபின், கப்பிலும் கூட்டிலும் சேர்த்து வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு இழுத்துவைக்கிறார். சைக்கிளை எடுக்குமுன் அவர் குனிந்து பார்ப்பது அந்தக் கோடு உடைந்திருக்கிறதா என்றுதான்.