டிஜிபின் உங்கள் வீட்டைக் காட்டும், முகவரிச் சான்று ஆகாது

தாராவியில் எங்கள் சாலில் (வரிசை வீட்டுக் குடியிருப்பில்) ஓர் அக்காவுக்கு வந்த ஏடிஎம் கார்டு, முகவரி போதவில்லை என்று இரண்டு முறை திரும்பிப் போனது. இட்லிக் கடையை மூடிவிட்டு நான்கு நாள் வங்கிக்கு நடந்தார். கோலி (அறை) எண், சால் பெயர், 90 அடி சாலை, 400017 எல்லாம் சரியாகத்தான் எழுதியிருந்தது. எந்தச் சந்தில் திரும்ப வேண்டும் என்பதை எழுத விண்ணப்பத்தில் இடமில்லை, அவ்வளவுதான்.

இந்த மாதிரி வீடுகளுக்குத்தான் டிஜிபின் உதவும். 2025 மே மாதம் அஞ்சல் துறை கொண்டுவந்தது. நாட்டைச் சுமார் 4 மீட்டருக்கு 4 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்த 10 இலக்கக் குறியீடு கொடுத்திருக்கிறார்கள். அஞ்சல் துறைத் தளத்தில் ‘நோ யுவர் டிஜிபின்’ பக்கத்தைத் திறந்தால் இலவசமாகக் கிடைக்கும். வாடகை ஒப்பந்தம், வரி ரசீது எதுவும் வேண்டாம்.

பதிவு என்று ஒன்று இதில் கிடையவே கிடையாது. “பதிவுசெய்து தருகிறேன், இருநூறு கொடு” என்று யாராவது வந்தால் கொடுக்காதீர்கள். ஆதார் எண்ணையும் ஓடிபியையும் சொல்லவே சொல்லாதீர்கள்.

உங்கள் பெயர் எங்கும் பதிவாகாததால், அங்கே குடியிருப்பது நீங்கள்தான் என்று இந்தக் குறியீடு நிரூபிக்காது. இதை நம்பி வங்கிக்கோ ஆதார் மையத்துக்கோ போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், ஒருநாள் கூலி போகும். ஆதாரில் முகவரி மாற்றக் காகிதம் இல்லையென்றால், அதே வீட்டில் இருக்கும் குடும்பத் தலைவரின் ஒப்புதலோடு மாற்றும் வழி உண்டு. கவுண்டரில் இதை அவர்களாகச் சொல்ல மாட்டார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும். குடிசை மறுசீரமைப்புக் கணக்கெடுப்புக்கும் டிஜிபின் செல்லாது. பழைய மின் கட்டண ரசீது, வாக்காளர் பட்டியல் நகல் இரண்டையும் பத்திரமாக வையுங்கள்.

அப்புறம், குறியீடு எடுக்கும்போதே தவறு நடக்கிறது. தகரக் கூரைக்குக் கீழே, நெருக்கமான சந்தில், போன் காட்டும் இடம் பல மீட்டர் தள்ளிப் போகும். நம் கோலியின் அகலமே 3 மீட்டர்தான், பக்கத்து வீட்டுக் குறியீடு வந்துவிடும். வானம் தெரியும் இடத்துக்கு வந்து எடுங்கள். வரைபடத்தைப் பெரிதாக்கி, புள்ளி உங்கள் கூரைமேல் விழுகிறதா என்று பாருங்கள்.

போனில் சொல்லும்போதும் குழப்பம் வரும். நம் ஆட்கள் “பி” என்றால் எந்த பி, “டி” என்றால் எந்த டி என்று எதிரில் இருப்பவர் கேட்பார். இந்தக் குறியீட்டில் பம்பாயின் பி (B) கிடையாது, புனேயின் பி (P) மட்டும்தான். டெல்லியின் டி (D) கிடையாது, தானேயின் டி (T) மட்டும்தான். பூஜ்யமும் ஒன்றும்கூட வராது. வந்தால் எங்கோ தப்பாக எழுதியிருக்கிறீர்கள்.

மேல் மாளாவுக்கும் (மாடிக்கும்) கீழ் வீட்டுக்கும் ஒரே குறியீடுதான். அதனால் பழைய முகவரியையும் பின்கோடையும் விடாதீர்கள். “மேல் மாளா, இரும்பு ஏணி” என்று எழுதி, அதற்குக் கீழே டிஜிபினும் கைபேசி எண்ணும் போடுங்கள். ஆம்புலன்ஸ் கூப்பிடும் அவசரத்தில் இதைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. இன்றைக்கே எடுத்து, கதவின் உள்பக்கம் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள்.