சிறு இழைப்புளி: பர்மா மரத்துக்கு எந்தக் கோணம்?

தமிழ்நாட்டுத் தச்சர் இதை இழைப்புளி என்கிறார். ஈழத்தில் சீவுளி என்பார்கள். இரண்டு சொற்களுக்குள்ளும் உளி இருக்கிறது. பெயர் வைத்தவர்கள் கருவியின் இயக்கத்தைச் சரியாகப் புரிந்துகொண்டுதான் வைத்திருக்கிறார்கள். ஏனென்றால், கை தடுமாறினாலும் கோணமும் ஆழமும் மாறாமல் மரத்தின் மேல் ஓடுவதற்காக ஒரு மரக்கட்டைக்குள்ளோ இரும்புக் கூட்டுக்குள்ளோ இறுக்கி வைக்கப்பட்ட உளிதான் இழைப்புளி. உள்ளங்கைக்குள் அடங்கும் சிறு இழைப்புளி ஒன்றை வாங்க யாங்கோனில் கருவிக் கடை ஏறுகிறவர், அதன் பளபளப்பையும் விலையையும் பார்ப்பதற்கு முன், அந்த உளி எந்தக் கோணத்தில் மரத்துக்குள் நுழையும் என்று பார்ப்பாரானால் பாதித் தேர்வு அங்கேயே முடிந்துவிடும்.

கோணம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை விளங்கிக்கொள்ள, அலகின், அதாவது உள்ளே இறுக்கிய அந்த உளித்தகட்டின், முனையில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். மரம் என்பது நீண்ட நுண்குழாய்கள் நெருக்கமாக ஒட்டிக்கொண்ட ஒரு கட்டு. ஈர்க்குமாற்றை நினைத்துக்கொள்ளலாம்: ஈர்க்குகளை நீளவாக்கில் ஒன்றிலிருந்து ஒன்று பிரிப்பது எளிது, அதே கட்டைக் குறுக்கே அறுப்பது கடினம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நார்மன் ஃபிரான்ஸ், நார்களின் ஓட்டத்தோடு மரத்தைச் சீவும்போது மூன்று வகைச் சீவல்கள் உண்டாகின்றன என்று 1958இல் வகைப்படுத்தினார். அலகு மிகவும் தாழ்ந்த கோணத்தில் நுழைந்தால் அது நார்களை நெம்பித் தூக்குகிறது. வெட்டுமுனை போய்ச் சேர்வதற்கு முன்பே மரம் பிளந்து ஓடுகிறது. பிளவு சிறிது தூரம் போனபின் சீவல் வளைந்து ஒடிகிறது. நார்கள் பலகைக்குள் கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால் பிளவும் அவற்றின் வழியே கீழே இறங்கி, பலகையில் சிராய் பெயர்ந்த குழியை விட்டுச் செல்கிறது. இது முதல் வகை. மூன்றாம் வகை இதற்கு நேர்மாறானது: அலகு அளவுக்கு மீறி நிமிர்ந்தோ மழுங்கியோ இருந்தால் நார்கள் வெட்டுப்படுவதற்குப் பதிலாக நசுங்குகின்றன, பரப்பு பஞ்சு படிந்ததுபோல் தெரியும், தள்ளுகிற கையும் ஓய்ந்துபோகும். இரண்டுக்கும் இடையில், முனையிலேயே தொடர்ந்து வெட்டுப்பட்டு, அறுந்துபோகாத சுருளாக வெளிவரும் இரண்டாம் வகைச் சீவல்தான் மழமழப்பான பரப்பைத் தருகிறது. தேர்ந்த தச்சர் சுருளின் சத்தத்தை வைத்தே எந்த வகை வருகிறது என்று சொல்லிவிடுவார்.

இனி பர்மா மரங்களுக்கு வருவோம். தேக்கின் ஓட்டம் பெரும்பாலும் நேரானது. ஆகவே சீவுவதற்கு அது முரண்டு பிடிப்பதில்லை, அதன் தொல்லை வேறு வகையானது, பின்னால் சொல்கிறேன். நம் இருள் மரமாகிய பியின்கடோ, ரயில் தண்டவாளங்களின் அடிக்கட்டைகளுக்குப் போன மரம். அதன் கடினமே போதும், எந்த அலகையும் சோதித்துவிடும். சித்திரைத் தண்ணீர்த் திருவிழாவை ஒட்டி மஞ்சள் பூத்து நிற்கும் படாவுக், வேங்கை மரத்தின் நெருங்கிய உறவு. சிறு இழைப்புளிக்கு உண்மையான பரீட்சை அதுதான். படாவுக் வளரும்போது அதன் நார்கள் தண்டைச் சுற்றிச் சிறிது காலம் இடப்பக்கமாகவும், பிறகு சிறிது காலம் வலப்பக்கமாகவும் சாய்ந்து முறுக்கிக்கொள்கின்றன. அப்படிப்பட்ட தண்டை ஆரவாக்கில், அதாவது நடுவிலிருந்து பட்டையை நோக்கி, அறுத்தால் பலகையில் பட்டை பட்டையாக ஒளி மாறித் தெரியும். கண்ணுக்கு அழகாயிருக்கும் அந்தப் பட்டைகளில் ஒன்றில் நார்கள் நம்மை நோக்கியும், பக்கத்துப் பட்டையில் நம்மை விட்டு விலகியும் சாய்ந்திருக்கின்றன. எந்தத் திசையில் தள்ளினாலும் பாதிப் பட்டைகள் எதிர் ஓட்டமாகவே அமையும். பலகையைத் திருப்பிப் போட்டுச் சீவு என்ற பழைய புத்திமதி இங்கே உதவாது.

இந்த இடத்தில் ஓர் எளிய கூட்டல் கணக்கு கைகொடுக்கிறது. வழக்கமான பெரிய இழைப்புளியில் அலகின் தீட்டிய சரிவு கீழ்நோக்கி இருக்கும். அலகு 45 பாகைச் சாய்வில் படுத்திருந்தால் மரம் சந்திக்கும் கோணமும் 45 பாகைதான், சரிவை எப்படித் தீட்டினாலும் அது மாறாது. ஆனால் உள்ளங்கை இழைப்புளிகளில் சரிவு மேல்நோக்கி இருக்கிறது. ஆகவே அலகு படுத்திருக்கும் கோணத்தோடு சரிவின் கோணத்தையும் கூட்டிக்கொள்ள வேண்டும். இவற்றில் இரண்டு வகைகள் பரவலாகக் கிடைக்கின்றன: ஒன்றில் படுக்கை 20 பாகை, மற்றொன்றில் 12 பாகை. இரண்டிலும் 25 பாகைக்குத் தீட்டிய அலகைப் பொருத்தினால் முதலாவது 45 பாகையிலும் இரண்டாவது 37 பாகையிலும் வெட்டும். 37 பாகை, பலகையின் அறுத்த முனைக்கு, அதாவது ஈர்க்குக்கட்டின் நுனிகளை வரிசையாகச் சீவுவது போன்ற வேலைக்கு, மிகவும் ஏற்றது. அங்கே தூக்கிப் பிளப்பதற்கு நீள நார் இல்லை, தாழ்ந்த கோணம் குறைந்த விசையில் வெட்டுகிறது. அதே இழைப்புளியில் 40 பாகைக்குத் தீட்டிய இன்னோர் அலகை மாட்டினால் கூட்டுத்தொகை 52 ஆகிவிடும். முரட்டுப் படாவுக்கும் ஓரளவு பணியும். 12 பாகைப் படுக்கை ஒன்றும் இரண்டு அலகுகளும் வைத்திருப்பவர், ஒரு கருவியின் விலையில் ஏறத்தாழ இரண்டு கருவிகள் வைத்திருக்கிறார். என் முதல் பரிந்துரை இதுதான்.

யாங்கோனின் சீனத் தச்சர்களில் பலர் தென்சீனாவின் காண்டன் பகுதியிலிருந்து வந்தவர்கள். பர்மியர் அவர்களைக் குட்டைக்கைச் சட்டைக்காரர் என்றும், வணிகம் செய்த ஹொக்கியன் சீனரை நீளக்கைச் சட்டைக்காரர் என்றும் பிரித்து அழைத்தார்கள். குறுக்கே ஒரு கைப்பிடிக் கம்பு செருகிய சீன மர இழைப்புளிகளில், அலகு 45 பாகையை விட நன்றாக நிமிர்ந்து நிற்பவையும் உண்டு. கூட்டல் கணக்குப் போடாமலேயே முறுக்கு மரத்துக்கான விடையைக் கண்டவர்கள் அவற்றைச் செய்தவர்கள்.

கோணத்துக்கு அடுத்தபடி வாய். அலகின் முனைக்கு முன்னால் அடித்தட்டில் இருக்கும் திறப்பு அகலமாக இருந்தால், நெம்பப்பட்ட நார்கள் மேலே எழுவதைத் தடுக்க ஒன்றும் இல்லை. வாயின் முன்விளிம்பு சீவலின் தடிப்பை விடச் சற்றே அகன்ற இடைவெளியில் நின்றால், அது நார்களை அமுக்கிப் பிடித்துக்கொள்கிறது. பிளவு முன்னோக்கி ஓடுவதற்குள் அலகு வந்து வெட்டிவிடுகிறது. ஆகவே வாயை நகர்த்திச் சரிசெய்யும் திருகு இல்லாத சிறு இழைப்புளியை, அது எவ்வளவு மலிவாக இருந்தாலும், நேர்த்தி வேலைக்கு வாங்க வேண்டாம் என்பேன். பெரிய இழைப்புளிகளில் இதே வேலையை இன்னும் திறமையாகச் செய்யும் மேல்தகடு ஒன்று அலகின் முதுகில் இருக்கிறது. அதை முனையிலிருந்து 0.1 மில்லிமீட்டர் அளவுக்கு நெருக்கி வைத்தால் சீவல் பிளப்பதற்கு முன்பே மடித்துவிடப்படுகிறது என்பதை ஜப்பானின் யமகதா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த காதோவும் காவாயும் படம்பிடித்தே காட்டினார்கள். உள்ளங்கை இழைப்புளியில் அந்தத் தகட்டுக்கு இடமில்லை. எனவே படாவுக் பலகைகளின் முகத்தைச் சீவுவதே ஒருவருடைய அன்றாட வேலை என்றால், அவர் மேல்தகடு உள்ள மூன்றாம் எண் இழைப்புளியைப் பார்ப்பது நல்லது; 20 சென்டிமீட்டர் நீளந்தான், அதுவும் சிறியதே. மூன்றாம் எண், நான்காம் எண் என்று கடைக்காரர் சொல்லும் இந்த வரிசை, 1869இல் லெனார்ட் பெய்லியின் தொழிலை வாங்கிய அமெரிக்க ஸ்டான்லி நிறுவனம் உலகெங்கும் பரப்பியது.

தேக்கின் தொல்லை என்று சொன்னேனே, அது மணலின் வேதிப்பொருளான சிலிக்கா. தேக்குக் கட்டையில் அது 1.4 விழுக்காடு வரை இருக்கக்கூடும். நேரான ஓட்டமும் எண்ணெய்ப் பசையும் உள்ள அந்த மரம் கைக்கு இதமாகச் சீவுப்பட்டுக்கொண்டிருக்கும்போதே அலகின் முனை சத்தமில்லாமல் தேய்ந்துகொண்டிருக்கும். முனை தேயும்போது மேல்பக்கம் மட்டுமல்லாமல், மரத்தில் உரசிச் செல்லும் அடிப்பக்கமும் தேய்கிறது. வெட்டுப்பட்ட மரம் அலகு கடந்ததும் இம்மி அளவு மேலே எழும். அதற்கு இடம் கொடுப்பது அலகின் அடியில் உள்ள இடைவெளிக் கோணம். 12 பாகைப் படுக்கையில் அந்த இடைவெளியும் 12 பாகைதான். அடிப்பக்கம் தேய்ந்து அந்த இடைவெளி மறைந்தால் இழைப்புளி வெட்டாமல் மரத்தின் மேல் வழுக்கிக்கொண்டு போகும். பலர் இந்த நிலையில் அலகை இன்னும் வெளியே தள்ளுகிறார்கள். அது தடித்த சிராயைப் பெயர்த்தெடுப்பதோடு முடியும்.

சரிவு மேல்நோக்கிய அலகில் தேய்மானம் தட்டையான முதுகுப் பக்கத்தில் விழுவதால், தீட்டுக்கல்லில் சரிவை நாலு தேய்ப்புத் தேய்த்துப் பிசிறு எடுத்தால் போதாது. தேய்ந்த பகுதி முழுவதும் மறையும்வரை சரிவைத் தீட்ட வேண்டும். முதுகை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், முனையை ஒட்டி மயிரிழை போன்ற ஒரு மினுக்கம் தெரியும். அது இருக்கும்வரை அலகு கூர்மையாகவில்லை. அலகின் எஃகிலும் ஒரு பேரம் உண்டு. ஏறத்தாழ 5 விழுக்காடு குரோமியம் சேர்ந்த ஏ2 எஃகு தேக்கில் நெடுநேரம் தாங்கும், ஆனால் 25 பாகை போன்ற மெல்லிய சரிவில் அதன் முனை பொடிப்பொடியாக உதிரக்கூடும். 30 பாகைக்கு மேல் தீட்டினால்தான் நிற்கும். அப்படித் தீட்டினால் தாழ்ந்த கோணத்தின் பயன் குறைந்துவிடுகிறது. எளிய உயர்கார்பன் எஃகு சீக்கிரம் மழுங்கும், சீக்கிரம் கூராகும். தாழ்ந்த கோண அலகுக்கு நான் அதையே விரும்புகிறேன்.

மற்ற சிறு இழைப்புளிகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. மூட்டில் துளைக்குள் செருகும் கழுந்தின் தோளைச் சீர்செய்ய, அலகு உடலின் முழு அகலத்துக்கும் நீண்டிருக்கும் ஒடுங்கிய இழைப்புளி வேண்டும். வயலின் செய்பவர்கள் விரல் அளவே உள்ள, அடி வளைந்த இழைப்புளிகளை வைத்திருப்பார்கள். மேசை, கதவு செய்கிற நமக்கு அவை வேடிக்கைப் பொருள்கள்.

கடையில் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. அதைச் செய்யாமல் நான் ஒருமுறை ஏமாந்தேன். அடித்தட்டு நடுவில் குழிந்திருந்த ஓர் இழைப்புளியை வாங்கிவந்து, குறை என் கையில் இருப்பதாக எண்ணி ஒரு மழைக்காலம் முழுவதும் அலகைத் தீட்டிக்கொண்டிருந்தேன். கண்ணாடித் துண்டின் மேலோ மூலைமட்டத்தின் விளிம்பிலோ அடித்தட்டை வைத்து, பின்னால் வெளிச்சம் பிடித்துப் பார்க்க வேண்டும். முன்முனை, வாயின் முன்விளிம்பு, பின்முனை ஆகிய மூன்றும் தொட வேண்டும். வாயின் முன்விளிம்பு தொடாவிட்டால், நார்களை அமுக்கிப் பிடிக்க ஆளில்லை என்று பொருள். கண்ணாடியில் ஒட்டிய உப்புத்தாளில் தேய்த்து இதைச் சரிசெய்யலாம் என்றாலும், அதற்கு ஒரு பிற்பகல் போய்விடும்.

எங்கள் வீட்டு வாசல் கதவு, தேக்குப் பலகைக் கதவு, ஆனி ஆடி மாதங்களில் நிலையோடு இறுகிக்கொள்ளும். யாங்கோன் மழையில் காற்றின் ஈரத்தை உறிஞ்சி, பலகைகள் அகலவாக்கில் சில மில்லிமீட்டர் பருக்கின்றன; நீளவாக்கில் ஏறத்தாழ மாற்றமே இல்லை. கதவைக் கழற்றாமல், நின்ற நிலையில், ஒரு கையால் விளிம்பைச் சீவ உதவுவது அரை கிலோவுக்குச் சற்று மேல் எடையுள்ள இந்தச் சிறு கருவிதான். அடித்தட்டில் மெழுகுவத்தியைக் குறுக்காக இரண்டு கோடு இழுத்துவிட்டால் தள்ளும் விசை பாதியானதுபோல் தோன்றும். கதவின் மேல் விளிம்பில் நிமிர்சட்டத்தின் அறுத்த முனை வெளியே தெரியும் மூலையை மட்டும் உள்நோக்கிச் சீவ வேண்டும். வெளிநோக்கித் தள்ளினால் கடைசி நார்களைத் தாங்க ஒன்றுமில்லாமல் மூலை பெயர்ந்துவிடும். உராயும் இடத்தில் சுண்ணக்கட்டி தடவிக் கதவைச் சாத்தி, நிலையில் வெள்ளை ஒட்டும் இடத்தை மட்டும், ஆடியில் கதவு இலேசாக உரசிக்கொண்டே திறக்கும் அளவுக்குச் சீவுகிறேன். ஓர் ஆண்டு உரசாமல் திறக்கும்வரை சீவினேன். தை மாதத்தில் அந்த இடுக்கு வழியாகப் பல்லி வந்துபோயிற்று.