அந்த 'இஸ்ரேல்' அவருடைய பெயர் அல்ல

பழைய ஆவணங்களைப் படித்துப் பட்டியலிடுவது என் தொழில். பகல் முழுவதும் நிலப் பதிவேடுகளோடு போய்விடும். 2020 ஊரடங்கில் இதோடு ஓர் இரவுப் பழக்கமும் சேர்ந்துகொண்டது. ஜெர்மனியில் பாட் ஆரோல்சன் என்ற சிறு நகரில், நாஜிக் கொடுமைக்கு ஆளானவர்களின் ஆவணங்களைக் காக்கும் ஆரோல்சன் காப்பகம் இருக்கிறது. சுமார் 1.75 கோடி பேரைப் பற்றிய தகவல் அங்கே உண்டு. வதைமுகாம் அட்டைகளின் படங்களை இணையத்தில் ஏற்றி, விருப்பமுள்ளவர்களைப் பெயர், பிறந்த தேதி, கைதி எண் ஆகியவற்றைப் பதியச் சொல்கிறார்கள். ஒரே அட்டையைப் பலர் தனித்தனியே பதிவார்கள். ஒருவர் விடும் பிழை மற்றவர் பதிவில் பிடிபடும்.

என் பிழைகளும் அப்படிப் பிடிபட்டிருக்கும் என்று நம்புகிறேன். ஜெர்மன் கையெழுத்தில் 1-இன் மேற்கோடு நீண்டு, நம் கண்ணுக்கு 7 போலவே தெரியும். அவர்களுடைய 7-க்கு நடுவில் குறுக்குக்கோடு உண்டு. இது தெரியாத நாட்களில் 1911இல் பிறந்த எத்தனை பேரை 1917இல் பிறக்க வைத்தேனோ!

இதைவிடப் பெரிய பிழை ஒன்று இருக்கிறது. ஆண்களின் அட்டைகளில் 'இஸ்ரேல்' என்றும் பெண்களின் அட்டைகளில் 'சாரா' என்றும் இரண்டாவது பெயர் திரும்பத் திரும்ப வரும். யூதர்களிடையே புழங்கும் பெயர்தானே என்று நானும் முதலில் கடந்துபோனேன். அது பெற்றோர் வைத்த பெயர் அல்ல. 1938 ஆகஸ்ட் 17 அன்று வந்த ஆணைப்படி, யூதப் பெயர்கள் என்று நாஜி அரசு வெளியிட்ட பட்டியலில் இல்லாத முதற்பெயர் கொண்ட ஜெர்மன் யூதர் அனைவரும் 1939 ஜனவரி 1 முதல் இந்தப் பெயரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். பிறப்புப் பதிவேட்டின் ஓரத்தில்கூட அதை எழுதிவைத்தார்கள். போருக்குப் பின் சில பதிவேடுகளில் அதே ஓரத்தில், முந்தைய குறிப்பை ரத்து செய்யும் இன்னொரு குறிப்பைக் காணலாம். இரண்டு குறிப்புக்கும் நடுவில் அந்த மனிதர் என்ன ஆனார் என்பது அந்தப் பக்கத்தில் இருக்காது. இப்போதும் யாராவது குடும்ப வரலாறு எழுதும்போது அந்தப் பெயரைச் சேர்த்தே அச்சிட்டால் எனக்குச் சுருக்கென்றிருக்கும். ஆவணத்தில் இருப்பதை இருப்பதுபோல் படியெடுக்கத்தான் வேண்டும். ஆனால் அது யார் கொடுத்த பெயர் என்று பக்கத்தில் ஒரு வரி எழுதாமல் விடக்கூடாது.

முகாம் ஆவணங்களில் என்னை அதிகம் நிறுத்திவைப்பது உடைமை அட்டை. தொப்பி, மேலங்கி, காற்சட்டை, சட்டை, காலுறை, கடிகாரம் என்று அச்சிட்ட வரிசை, பக்கத்தில் எண்ணிக்கை, கீழே கைதியின் கையெழுத்து. சலவைக் கடை ரசீதுபோல இருக்கும். பறித்ததற்கு ரசீது எழுதி, பறிகொடுத்தவரிடமே கையெழுத்தும் வாங்கியிருக்கிறார்கள்.

இந்தக் கணக்குப்பிள்ளைத்தனம் முகாமுக்கு வெளியே இன்னும் விரிவானது. பெர்லினில் நாடுகடத்தப்படவிருந்த யூதர்கள் 16 பக்கச் சொத்து விவரப் படிவத்தை நிரப்பித் தர வேண்டியிருந்தது. வங்கிக் கணக்கு முதல் வீட்டுத் துணிமணி வரை எல்லாம் அதில் வரும். பெர்லின் பகுதி நிதித்துறையின் இத்தகைய கோப்புகள் 40,000-க்கும் மேல் இன்று போட்ஸ்டாமில் உள்ள மாநிலக் காப்பகத்தில் இருக்கின்றன. கோப்பின் முதல் பாதி அவர் எழுதியது. அவர் போன பிறகும் கோப்பு வளர்கிறது: அதிகாரி வந்து மேசை நாற்காலிக்கு விலை போடுகிறார், வீட்டுக்காரர் வாடகை பாக்கி கேட்கிறார், மின்சார நிறுவனம் கட்டணம் கேட்கிறது. ஆள் எங்கே என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. 1941 நவம்பர் 25 ஆணை, பிடித்து வெளிநாட்டுக்கு அனுப்பப்பட்டவரை அங்கே 'குடியேறியவர்' என்று கணக்கில் எடுத்து, குடியுரிமையையும் சொத்தையும் ஒரே வரியில் பறித்தது. ஆகவே இந்தக் கோப்புகளில் 'இடம்பெயர்ந்தார்', 'வெளியேற்றப்பட்டார்' என்ற சொற்களை அகராதி பார்த்துப் படிக்கக்கூடாது. 1943இல் கொலைக் கணக்கைத் தொகுத்த அறிக்கையில் கொலையைக் குறிக்கும் 'சிறப்பு நடத்துமுறை' என்ற மறைசொல்லைக்கூட விடாமல், நாஜிகளின் எஸ்.எஸ். படைத் தலைவர் ஹிம்லர் அதையும் மாற்றச் சொன்னார்.

யூதப் படுகொலையே நடக்கவில்லை என்று மறுத்து, 'ஆவணம் எங்கே, காட்டு' என்று கேட்பவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. அவர்களுக்குச் சொல்லவேண்டிய பதில் ஆவண வேலையிலேயே இருக்கிறது. நாஜிகள் கைப்பற்றிய போலந்தில் இருந்த ஆஷ்விட்ஸ் முகாமுக்குக் கொண்டுவரப்பட்ட யூதர்கள் சுமார் 11 லட்சம். கைதியாகப் பதியப்பட்டவர்கள் சுமார் 2 லட்சம். மற்றவர்களில் மிகப் பெரும்பாலோர் ரயிலிலிருந்து இறங்கியதும் நச்சுவாயு அறைக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களுக்கு முகாம் அட்டையே எழுதப்படவில்லை. எழுதியவற்றிலும் பெரும்பகுதியை முகாமைக் கைவிடும் முன் நாஜிகள் எரித்தார்கள். அட்டை இல்லையென்றால் ரயில் புறப்பட்ட ஊரின் பட்டியலைத் தேட வேண்டும், அங்கும் இல்லையென்றால் அந்த 16 பக்கப் படிவத்தை.

இதுவரை சொன்னவை எல்லாம் கொன்றவர்கள் எழுதிய தாள்கள். கொல்லப்பட்டவர்கள் எழுதியதும் இருக்கிறது. போலந்தின் வார்சா நகரில் யூதர்களை அடைத்துவைத்த கெட்டோ பகுதியில் வரலாற்றாசிரியர் எமானுவேல் ரிங்கல்பிளம் 1940இல் ஒரு ரகசியக் குழுவை அமைத்தார். சனிக்கிழமைகளில் கூடியதால் அதற்கு 'ஓனெக் ஷபெஸ்', ஓய்வுநாள் மகிழ்ச்சி, என்று பெயர். நாட்குறிப்பு, பள்ளிக் கட்டுரை, ரேஷன் அட்டை, டிராம் டிக்கெட், மிட்டாய்த் தாள் எதையும் அவர்கள் ஒதுக்கவில்லை. எதைச் சேர்ப்பது, எதைக் கழிப்பது என்று தினமும் மண்டையை உடைத்துக்கொள்ளும் எனக்கு அந்த மிட்டாய்த் தாள் ஒரு பாடம்.

1942 ஆகஸ்டில், கெட்டோவிலிருந்து ட்ரெப்லிங்கா கொலைமுகாமுக்கு ரயில்கள் போய்க்கொண்டிருந்தபோது, முதல் பகுதியைப் பத்துத் தகரப் பெட்டிகளில் வைத்து நோவோலிப்கி தெருப் பள்ளிக்கூடத்துக்கு அடியில் புதைத்தார்கள். புதைத்தவர்களில் டேவிட் கிராபருக்கு வயது 19. இரண்டாம் பகுதி 1943 பிப்ரவரியில் இரண்டு அலுமினியப் பால் கேன்களில் போனது. சுமார் 60 பேர் கொண்ட குழுவில் போருக்குப் பின் மிஞ்சியவர்கள் மூன்றே பேர். அவர்களில் ஒருவரான ஹெர்ஷ் வாஸருக்குப் புதைத்த இடம் தெரிந்திருந்தது. 1946 செப்டம்பரில் இடிபாடுகளைத் தோண்டிப் பெட்டிகளை எடுத்தார்கள். உள்ளே தண்ணீர் புகுந்து காகிதம் ஊறி, மை கரைந்து, பூஞ்சை பிடித்திருந்தது. 1950 டிசம்பரில் கிடைத்த பால் கேன்களில் இருந்தவை நல்ல நிலையில் இருந்தன. மொத்தம் சுமார் 35,000 பக்கங்கள். ஸ்வியென்டோயெர்ஸ்கா தெருவில் புதைத்ததாகச் சொல்லப்படும் மூன்றாம் பகுதியைத் தேடிப் பார்த்தும் கண்டெடுக்க முடியவில்லை.