ரிவெட் அடிக்காத விமானம்

போன மாதம் வியாசர்பாடியில் ஒரு நூலகத்தில் பேசப் போயிருந்தேன். பேச்சு முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தி போனை நீட்டினாள். அவள் அண்ணன் ஃப்ளைட் சிமுலேட்டரில், அதாவது கம்ப்யூட்டரிலேயே விமானம் ஓட்டும் விளையாட்டில், ஓட்டியதைப் பிடித்த வீடியோ. இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமானம் ஒன்று சாயங்கால வெயிலில் ஒருக்களித்துத் திரும்புகிறது. உடம்பெல்லாம் ரிவெட், தகட்டைத் தகட்டோடு பிணைக்கும் ஆணி.

"சார், இந்த ஆணியெல்லாம் புடைச்சுக்கிட்டு நிக்குது. ஆனா ரெக்கையோட ஓரத்தை மட்டும் பாருங்க, மொழுமொழுன்னு இருக்கு. அப்ப ஆணி இருக்கா, இல்லையா?"

இல்லை என்றேன். அவள் நம்பவில்லை. நியாயம்தான், கண்ணெதிரே நிற்பதை இல்லை என்று ஒரு பெரியவர் சொன்னால் யார் நம்புவார்கள்? அங்கே சொல்லி முடிக்க முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன்.

எனக்கும் இந்தக் கிறுக்கு உண்டு. பெரம்பூர் வீட்டு மாடியறையில் இரவு பதினோரு மணிக்கு மேல் பழைய போர் விமானங்களுக்குப் பெயிண்ட் அடிப்பவன் நான். பிரஷ், டர்பெண்டைன் எதுவும் கிடையாது. யாரோ ஒரு புண்ணியவான் செய்து, யார் வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்ட முப்பரிமாண மாடலை எடுத்து, அதன்மேல் போர்த்தும் படங்களைப் புதிதாக வரைவதுதான் வேலை. இப்போது கையில் இருப்பது கேட்டலினா. தண்ணீரில் இறங்கித் தண்ணீரிலிருந்தே கிளம்பும் இரட்டை எஞ்சின் விமானம், 1935-ல் முதல்முறை பறந்தது. இதைத் தேர்ந்தெடுத்ததற்கு ஊர்ப்பாசம்தான் காரணம். 1942-லிருந்து பிரிட்டிஷ் விமானப்படையின் 240-ஆம் ஸ்குவாட்ரன் நம் செங்குன்றம் ஏரியில்தான் கேட்டலினாக்களை நிறுத்தி வைத்திருந்தது. ஏரியிலிருந்து எழும்பி, வங்கக் கடல் மேல் மணிக்கணக்கில் ரோந்து போய்விட்டு ஏரிக்கே திரும்பும். புழல் என்றும் சொல்லும் அந்த ஏரித் தண்ணீர் குடித்து வளர்ந்தவன் வேறு எந்த விமானத்துக்குப் பெயிண்ட் அடிப்பான்?

மாடல் என்பது முக்கோணங்களால் கட்டிய கூடு. அதன் தோலைத் தையல் பிரித்து ஒரு சதுரத்தில் பரப்பி வைத்திருப்பார்கள். எம்.சி. ரோட்டில் வாங்கிய சட்டையை அக்கு அக்காகப் பிரித்து மேஜையில் விரித்ததுபோல. அந்தச் சதுரத்தில் நாம் வரைந்தால் கம்ப்யூட்டர் அதைத் திரும்பக் கூட்டின்மேல் தைத்துவிடும். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த கதை.

ரிவெட்டையும் முக்கோணத்தால் செய்தால் என்ன? ஒரு லட்சம் ரிவெட், ஒன்றுக்கு 30 முக்கோணம் என்று வைத்தால் 30 லட்சம் ஆகிறது. நொடிக்கு 60 தடவை அத்தனையையும் கணக்குப் போட்டு வரைய வேண்டும். கடலும் மேகமும் ஊரும் அதற்கு மேல். வீட்டுக் கம்ப்யூட்டர் மூச்சு வாங்கிவிடும். அதனால் ரிவெட் செய்வதில்லை, கண்ணை ஏமாற்றுகிறார்கள். எப்படி என்பதை நான் கற்றுக்கொண்டது கம்ப்யூட்டரில் அல்ல, மூலக்கொத்தளம் பக்கம் ஒரு டிங்கரிங் பட்டறையில்.

என் பழைய காரின் கதவில் ஆட்டோ உரசிவிட்டது. பட்டறை வாசலில் கண்திருஷ்டிக்கு ஆகாச கருடன் கிழங்கு தொங்கியது. (திருஷ்டியில் எனக்கு நம்பிக்கை இல்லை. வண்டியை இடித்தவன் பார்க்காமல் இடித்தான், பார்வை பட்டு இடிக்கவில்லை.) டிங்கர் அண்ணன் நசுங்கலைத் தட்டி எடுத்து, பட்டி பூசி, எமரி போட்டுத் தேய்த்துவிட்டார். எனக்குக் கதவு நேராகத்தான் தெரிந்தது. அவர் திருப்தியாகவில்லை. கதவைத் தண்ணீரால் நனைத்து, குனிந்து, கன்னத்தைத் தகட்டோடு ஒட்டுகிற மாதிரி வைத்துப் பார்த்தார்.

"என்னண்ணே பாக்குறீங்க?"

"லைட்டப் பாரு தம்பி, டோரப் பாக்காத. டூப்லைட் கோடு எங்க ஒடியுதோ, அங்க கீது பள்ளம்."

பார்த்தேன். ஈரத் தகட்டில் டியூப்லைட்டின் பிம்பம் நேர்கோடாக ஓடி, கைப்பிடிக்குக் கீழே லேசாக நெளிந்தது. அங்கே விரலை வைத்தேன், ஒன்றும் தட்டுப்படவில்லை. பள்ளத்தின் ஆழம் ஒரு காகிதத் தடிமன்கூட இருக்காது. ஆனால் வெளிச்சம் காட்டிக்கொடுத்துவிட்டது. அன்றைக்குத்தான் உறைத்தது: வெளிச்சத்துக்கு உயரம் தெரியாது, சாய்வுதான் தெரியும்.

இதைக் கணக்காகச் சொன்னவர் லம்பெர்ட் என்ற கணித அறிஞர், 1760-ல். ஒரு பரப்பு எவ்வளவு பிரகாசமாகத் தெரியும் என்பது, அதிலிருந்து செங்குத்தாகக் கிளம்பும் கோட்டுக்கும் வெளிச்சம் வரும் திசைக்கும் இடையிலுள்ள கோணத்தின் கொசைனைப் பொறுத்தது. ஒன்பதாம் வகுப்புக் கொசைனேதான். உச்சி வெயிலில் இறக்கை மேல் சூரியன் நேராக நிற்கிறது: கோணம் 0, கொசைன் 1. ரிவெட்டின் ஒரு பக்கம் 5 டிகிரி சாய்ந்திருந்தால் அங்கே 0.996. வித்தியாசம் கண்ணுக்கே படாது. அதுவே சாயங்காலம், சூரியன் அடிவானத்துக்கு மேல் 10 டிகிரியில் இருக்கும்போது? தட்டையான தகட்டுக்கு 0.17, சூரியனை நோக்கிச் சாய்ந்த அதே 5 டிகிரிக்கு 0.26. பாதிக்குப் பாதி கூடுதல் வெளிச்சம்! காசிமேட்டுக் கடற்கரையில் மத்தியானம் கண்ணில் படாத காலடித் தடமெல்லாம் காலை வெயிலில் அச்சு அச்சாக எழுந்து நிற்பதற்கும் இதில் பாதிக் காரணம் இருக்கிறது, மீதி நிழல்.

அப்படியானால் தகட்டைப் புடைக்க வைக்க வேண்டிய அவசியமே இல்லை. தட்டையான தகட்டின் ஒவ்வொரு புள்ளியிடமும் "உன் செங்குத்துக் கோடு இந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது" என்று பொய் சொல்லிவிட்டால் போதும். கொசைன் கணக்கு அந்தப் பொய்யை அப்படியே நம்பும், கண் கணக்கை நம்பும். 1978-ல் ஜேம்ஸ் பிளின் என்ற கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் ஆராய்ச்சியாளர் இந்த வித்தையைக் காட்டினார். பழைய சைன்போர்டு ஓவியர்கள் எழுத்துக்கு ஒரு பக்கம் கறுப்புத் தீற்றி அதைப் புடைக்க வைப்பார்கள் அல்லவா, அதன் பேரன் இது. ஓவியர் தீற்றிய கறுப்பு காலையிலும் மாலையிலும் அதே பக்கம் கிடக்கும். இதில் சூரியன் நகர நகர வெளிச்சமும் இடம் மாறும்.

பொய்யை எங்கே எழுதி வைப்பது? இந்த இடம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒரு திசையைச் சொல்ல மூன்று எண் வேண்டும்: வலம்-இடம் எவ்வளவு, மேல்-கீழ் எவ்வளவு, வெளியே எவ்வளவு. ஒரு நிறத்தைச் சொல்லவும் மூன்று எண்: சிவப்பு, பச்சை, நீலம். ஆக, திசையை நிறமாகவே எழுதிவிடலாம்! திசை எண் -1 முதல் +1 வரை, நிற எண் 0 முதல் 255 வரை. நடுப்புள்ளி 128. எந்தப் பக்கமும் சாயாமல் நேரே வெளியே பார்க்கும் புள்ளிக்கு 128, 128, 255. அந்த நிறத்தைத் திரையில் போட்டுப் பாருங்கள், வெளிறிய கத்தரிப்பூ நீலம் வரும். அதனால்தான் இந்தப் படங்கள் எல்லாமே கத்தரிப்பூ வயல் மாதிரி இருக்கின்றன. ரிவெட் இருக்கும் இடத்தில் சின்ன வட்டம், அதன் வலப்பக்கம் கொஞ்சம் சிவந்து, இடப்பக்கம் சிவப்பு குறைந்து. நார்மல் மேப் என்று பெயர். அது ஓவியமே அல்ல, படத்தின் வேஷத்தில் வந்த அட்டவணை.

அந்தப் பெண் கண்டுபிடித்த ஓரத்துக்கும் இதுதான் பதில். இறக்கையை ஓரமாக வைத்துப் பார்க்கும்போது நாம் பார்ப்பது வெளிச்சத்தை அல்ல, உருவத்தின் விளிம்பை. விளிம்பு உண்மையான முக்கோணங்களால் ஆனது. அதற்குப் பொய் சொல்லத் தெரியாது.

இதில் நான் பட்ட அவஸ்தை ஒன்று. முதல் தடவை கேட்டலினாவின் வயிற்றுப் பக்கத்துக்கு ரிவெட் வரிசை எல்லாம் வரைந்து ஏற்றினால், விமானம் இட்லித் துணி மூடாத தட்டு மாதிரி ஓட்டை ஓட்டையாக நின்றது. ஒவ்வொரு ரிவெட்டும் குழி. மூன்று ராத்திரி தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகு தெரிந்தது, பச்சையில் கோளாறு. கம்ப்யூட்டரில் முப்பரிமாணக் காட்சி வரைய ஓபன்ஜிஎல், டைரக்ட்எக்ஸ் என்று இரண்டு மென்பொருள் முறைகள் உண்டு. ஓபன்ஜிஎல் வழக்கத்தில் பச்சை கூடினால் மேல்நோக்கிய சாய்வு, டைரக்ட்எக்ஸ் வழக்கத்தில் கீழ்நோக்கிய சாய்வு. நான் ஒன்றுக்கு வரைந்து மற்றொன்றில் ஏற்றிவிட்டேன். ஒவ்வொரு ரிவெட்டிலும் மேல்பாதி இருண்டு கீழ்பாதி வெளுத்திருந்தது, அவ்வளவுதான்.

ஆனால் அதைப் பார்த்ததும் "வெளிச்சம் கீழிருந்து வருகிறது போல" என்று நினைக்காமல் "இது குழி" என்று ஏன் முடிவுகட்டினேன்? இதை ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் நம் பக்கத்து ஆள். பழைய ஜெயில் ரோடு ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த மூளை ஆராய்ச்சியாளர் வி.எஸ். ராமச்சந்திரன். மேலே வெளுத்த வட்டங்கள் மேடாகவும், கீழே வெளுத்தவை குழியாகவும் தெரிவதை வைத்து 1988-ல் அவர் எழுதியது, மூளை வெளிச்சம் மேலிருந்துதான் வரும் என்று எடுத்துக்கொள்கிறது என்பது. வேடிக்கை என்னவென்றால் அந்த 'மேல்' வானம் அல்ல, நம் உச்சந்தலைப் பக்கம். குனிந்து கால்களுக்கு நடுவே பார்த்தால் மேடு குழியாகிவிடும். நான் என் திரையை அப்படிப் பார்த்தேன். ரிவெட் எல்லாம் ஒழுங்காகப் புடைத்து நின்றது, வீட்டில்தான் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

அளவும் ஒரு சிக்கல். கேட்டலினாவின் இறக்கை நுனிக்கு நுனி 31.7 மீட்டர். அதை 4096 புள்ளி அகலப் படத்தில் அடக்கினால் ஒரு புள்ளிக்கு 7.7 மில்லிமீட்டர், ரிவெட் தலையே அதைவிடச் சின்னது. அதனால் தோலைப் பல படங்களாகப் பிரிக்க வேண்டும். படம் கூடினால் நினைவகம் கொள்ளாது, சுருக்க வேண்டும். பழைய டி.எக்ஸ்.டி. சுருக்கத்தில் சிவப்புக்கும் நீலத்துக்கும் 5 பிட், அதாவது 32 படிகள்தான், பச்சைக்கு 6 பிட். கண்ணுக்குப் பச்சையில் நுணுக்கம் அதிகம் என்பதால் அந்தச் சலுகை. திசைக்கு இது போதாது, சாய்வு படிக்கட்டு மாதிரி உடைந்துவிடும். 2006-ல் வந்த மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸ் விமானங்களில் ஒரு தந்திரம் செய்தார்கள். ஒளி ஊடுருவும் அளவைச் சொல்ல ஒதுக்கிய ஆல்பா தடத்துக்கு 8 பிட் துல்லியம் உண்டு, சிவப்பைத் தூக்கி அங்கே போட்டார்கள். நீலத்தை வைத்துக்கொள்ளவே வேண்டாம். திசைக் கோட்டின் நீளம் எப்போதும் 1, இரண்டு பக்கம் தெரிந்தால் மூன்றாவதைப் பிதாகரஸ் சொல்லிவிடுவார்.

நிறத்தைப் பற்றி ஒன்று. பெயிண்ட் அடித்த உலோகம் வெளிச்சத்துக்கு உலோகம் அல்ல. நேராகப் பார்த்தால் பெயிண்டின் மேல்தோல் 4 சதவீதம் அளவுக்குத்தான் பளபளக்கும், வெறும் அலுமினியம் 90 சதவீதம். அதனால் பெயிண்ட் உரிந்த இடத்தில் மட்டும் 'உலோகம்' என்று குறிக்க வேண்டும். பிரிட்டிஷ் விமானப்படையின் வட்டச் சின்னத்தின் நடுவில் சிவப்பு வைக்கக் கூடாது. ஜப்பானின் சிவப்புச் சூரியன் என்று நினைத்து சொந்த ஆட்களே சுட்டுவிடக் கூடாதென்று, ஆசியப் போர்முனையில் சிவப்பை எடுத்துவிட்டு, கருநீலத்துக்குள் வெளிர் நீலம் அடித்தார்கள். ஆனால் அந்த நீலம் என்ன நீலம்? கறுப்பு வெள்ளைப் போட்டோவில் கேட்டுப் பயனில்லை. சிவப்பை உணராத ஆர்த்தோகுரோமேட்டிக் ஃபிலிமில் சிவப்பு கறுப்பாகும், நீலம் வெளுத்துப்போகும். பழைய தகட்டை அடுக்கடுக்காகச் சுரண்டிப் பார்ப்பதுதான் நேர்மையான வழி. நம் ஊரிலோ பழைய விமானத்தைப் பீடத்தில் ஏற்றி, விழாவுக்கு விழா எனாமல் அடித்து மாலை போடுகிறோம். சுரண்டிப் பார்க்கக் காசு கேட்டால் சிரிப்பார்கள். அந்த மாலைச் செலவில் பாதி போதும் என்பது என் எண்ணம்.

எல்லாம் முடித்து, லேப்டாப்பை டிங்கர் அண்ணனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். செங்குன்றம் ஏரி, மாலை வெளிச்சம், கேட்டலினா ஒருக்களித்துத் திரும்புகிறது, ரிவெட் ஒவ்வொன்றும் மினுங்குகிறது. கையைத் துணியில் துடைத்துக்கொண்டே பார்த்தார்.

"ஆணில்லாம் கரெக்ட்டா கீது. தகடு எங்க தம்பி? லைட்டு கோடு எவ்ளோ நேரா போது பாரு. இது ஷோரூம் வண்டி. அடிச்சு ஓட்னது இல்ல."

அவர் சொன்னது சரி. மெல்லிய அலுமினியத் தகடு ரிவெட் வரிசைகளுக்கு நடுவே லேசாகக் குழிந்து அலையலையாக இருக்கும். தண்ணீரில் மோதி மோதி இறங்கும் விமானத்தில் கேட்கவே வேண்டாம். அன்றிரவு திரும்ப உட்கார்ந்தேன். கட்டத்துக்குக் கட்டம் ஒரு டிகிரிச் சாய்வு. 128 இருந்த இடத்தில் 130.