படித்துப் பார்க்காமல் கிராம சபை நோட்டில் கையெழுத்துப் போடாதீர்கள்

ஆகஸ்ட் 15 கிராம சபை முடிந்த கையோடு போன் வர ஆரம்பித்துவிடும். "சார், குப்பைக் கிடங்கு எங்க ஊர்ல வேண்டாம்னு அத்தனை பேரும் பேசினோம். இப்பப் பார்த்தா நோட்டுல ஏகமனதா சம்மதிச்சதா இருக்கு." நோட்டில் கையெழுத்துப் போட்டீர்களா என்று கேட்பேன். "போட்டோம், அது கூட்டத்துக்கு வந்ததுக்குத்தானே?" இந்த ஆண்டும் அதே கதை, ஊர்தான் வேறு. எழுதிவிடுகிறேன்.

ஊரக வளர்ச்சித் துறையில் இருந்தபோது பல கிராம சபைகளில் பற்றாளராக, அதாவது கூட்டத்தைக் கவனிக்க அரசு அனுப்பும் அலுவலராக, உட்கார்ந்திருக்கிறேன். மக்கள் மாற்றிக்கொள்ளவே மாட்டேன் என்கிற எண்ணம் ஒன்று உண்டு: கிராம சபை என்றால் அதிகாரிகள் வருவார்கள், மனு கொடுக்கலாம். இல்லை ஐயா! மனு கொடுக்க ஒவ்வொரு திங்கட்கிழமையும் கலெக்டர் ஆபீஸ் இருக்கிறது. அங்கே நீங்கள் கேட்பவர், அவர் கொடுப்பவர். கிராம சபையில் அப்படி இல்லை. அரசியலமைப்பின் 243(பி) பிரிவுப்படி, ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். வட்டார வளர்ச்சி அலுவலர் (பி.டி.ஓ.) உறுப்பினர் இல்லை, பற்றாளரும் இல்லை. நாங்கள் நாற்காலியில் இருந்ததும் நீங்கள் ஜமக்காளத்தில் இருந்ததும் பந்தல்காரர் செய்த ஏற்பாடு, சட்டம் சொன்னதல்ல. (பற்றாளருக்குப் பொன்னாடை போர்த்தும் ஊர்களும் உண்டு. வாங்கிக்கொள்ளக் கூச்சமாக இருக்கும்.)

உறுப்பினர் தன் சபையிலேயே மனு கொடுத்தால் என்ன ஆகும்? மனு கட்டோடு கட்டாகப் போய்விடும். அதற்குத் தீர்மான எண் கிடையாது. தொண்டை வறளப் பேசியதற்கும் கிடையாது. மேலிடத்துக்குப் போவது தீர்மான நோட்டில் இருப்பது மட்டும்தான். பல ஊர்களில் முதலில் கையெழுத்து வாங்கிவிட்டு, "அப்புறம் எழுதிக்கிறோம், நீங்க போங்க" என்பார்கள். நூறு நாள் வேலைக்கு வந்தவர்களை அப்படியே கூட்டி வந்து வரிசையில் நிறுத்துவதையும் பார்த்திருக்கிறேன். கோரம் கணக்குக்காக, அதாவது கூட்டம் செல்லக் குறைந்தது இத்தனை பேர் வேண்டும் என்பதற்காக. 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300 என்று விதி இருக்கிறது. எண்ணிக்கை நிறைந்துவிட்டால் மீதி இடத்தில் எதை எழுதினாலும் கீழே உங்கள் கையெழுத்து நிற்கும்.

தீர்மானம் போட்டுவிட்டால் காரியம் முடிந்தது என்றும் நினைக்காதீர்கள். மதுரை மாவட்டம் அரிட்டாபட்டியைப் பாருங்கள். 2024 நவம்பர் 23 கிராம சபையில் அந்த வட்டார ஊராட்சிகள் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு எதிராகத் தீர்மானம் போட்டன. அதோடு வீட்டுக்குப் போகவில்லை. டிசம்பரில் சட்டமன்றமும் தீர்மானம் போட்டது, ஜனவரியில் மக்கள் மதுரைக்கே பேரணியாக வந்தார்கள். 2025 ஜனவரி 23 அன்று சுரங்க ஏலம் ரத்தானது. தீர்மானம் மட்டுமே சுரங்கத்தை நிறுத்தவில்லை. ஆனால் 'ஊருக்குச் சம்மதம்' என்று யாரும் எழுத முடியாமல் போனதற்கு அது காரணம்.

ஆகவே, தயவுசெய்து கேளுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஆறு நாளையும் காலண்டரில் குறித்து வையுங்கள். கூட்டப் பொருள் என்ன என்று ஊராட்சிச் செயலரிடம் முன்கூட்டியே கேளுங்கள். வரவு செலவுக்குப் படிவம் 30 இருக்கிறது. வாசிக்கச் சொல்லுங்கள், முனகலாக அல்ல, மைக்கில். உங்கள் கோரிக்கையை இரண்டு வரியில் எழுதிக்கொண்டு போய், அங்கேயே நோட்டில் ஏற்றி வாசிக்க வையுங்கள். அதற்குக் கீழே கையெழுத்து. நடுவில் வெற்றிடம் இருந்தால் குறுக்கே கோடு போடுங்கள், போட்டோ எடுங்கள். உடன்பாடு இல்லையென்றால் பெயருக்குப் பக்கத்தில் 'எதிர்க்கிறேன்' என்று எழுதுங்கள், யாரும் பேனாவைப் பிடுங்க மாட்டார்கள். நகல் தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது, 10 ரூபாய்தான்.

இடத்தையும் கவனியுங்கள். கோயில் வளாகத்தில் கூட்டம் வைத்தால் யாரெல்லாம் வர மாட்டார்கள் என்று ஊருக்கே தெரியும். மதம் சார்ந்த இடத்தில் நடத்தக் கூடாது என்று அரசு ஒவ்வொரு முறையும் அறிவுறுத்துகிறது. அதைக் காட்டிக் கேளுங்கள். 'தலைவரே இல்லை, கூட்டம் எங்கே' என்றும் சொல்லாதீர்கள். 28 மாவட்டங்களில் 2025 ஜனவரி 5-இல் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்த பிறகும், அவர்களுக்குப் பதிலாக வந்த தனி அலுவலர்களை வைத்துக் கூட்டம் நடந்தது.

நகரத்தில் இருப்பவர்கள் 'நமக்கு இதெல்லாம் இல்லையே' என்கிறார்கள். இருக்கிறது. 2022-இல் விதி வந்து, அந்த ஆண்டு நவம்பர் 1 முதல் பகுதி சபை நடக்கிறது. சென்னையில் 200 வார்டு, வார்டுக்குப் பத்துப் பகுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரதிநிதி. தேர்தல் இல்லை, நியமனம்தான். அதில் எனக்கு வருத்தம் உண்டு. உங்கள் பகுதிக்கு யாரைப் போட்டிருக்கிறார்கள் என்று கவுன்சிலரிடம் கேளுங்கள். அடுத்த கூட்டத்தின் தேதியையும் அவரிடமே எழுதி வாங்குங்கள்.