ஊர் எல்லையில் வரும் கொட்டாவி

"என் தம்பி போதை மறுவாழ்வு மையத்தில் மூன்று மாதம் இருந்தான். அங்கே ஒரு தொந்தரவும் இல்லை. நன்றாகச் சாப்பிட்டான், தூங்கினான். அழைத்து வரும்போது ஊர் நெருங்க நெருங்கக் கொட்டாவி விட ஆரம்பித்தான். மூக்கு ஒழுகியது, வயிற்றைப் பிசைந்தது. ஒரே வாரத்தில் மறுபடி ஊசி. அந்த மூன்று மாதமும் நடித்தானா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். சின்ன ஊர், எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும், அதனால் பெயர் வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

நடிக்கவில்லை. அந்தக் கொட்டாவியை மருத்துவர்கள் முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே கவனித்து எழுதிவைத்திருக்கிறார்கள்.

மூளை செல்கள் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் டோபமைன் என்ற ரசாயனம் பற்றி நீங்கள் ஏற்கெனவே படித்திருப்பீர்கள், வேகமாகக் கடந்துவிடுகிறேன். அதை 'இன்ப ரசாயனம்' என்று சொல்வது பாதி தவறு. நரம்பியல் விஞ்ஞானி உல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்து மூளை செல்களைக் கவனித்தார். எதிர்பாராமல் சாறு கிடைத்தபோது டோபமைன் செல்கள் துடித்தன. சாறுக்கு முன்னால் ஒரு விளக்கு எரியும் என்று குரங்கு கற்றுக்கொண்டபின், துடிப்பு விளக்குக்கு இடம் மாறிவிட்டது, சாறுக்கு ஒன்றுமில்லை. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால் துடிப்பு வழக்கத்தைவிடக் கீழே போனது. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை அந்தச் செல்கள் கணக்குப் பார்க்கின்றன. போதைப்பொருள் இந்தக் கணக்கைக் குளறுபடி செய்கிறது. அதனால்தான் போதையில் ஒரு சுகமும் மிச்சமில்லாத ஒருவரைக்கூட அதன் மீதுள்ள ஏக்கம் விடுவதில்லை.

அடுத்தது உடல். ஹெராயின், மார்ஃபின் போன்ற ஓபியாய்டுகள் கண்மணியைச் சுருக்கும், குடலை மந்தமாக்கும், மூச்சை மெதுவாக்கும். உடல் இதைப் பொறுத்துக்கொண்டு சும்மா இருக்காது, எதிர்த்திசையில் தள்ளும். அதனால் பழைய அளவு போதாமல் போகிறது, இதைத்தான் தாங்குதிறன் என்கிறார்கள். மருந்தை நிறுத்தினால் தள்ளிக்கொண்டிருந்த கை மட்டும் மிஞ்சும்: கண்மணி விரியும், வயிற்றுப்போக்கு, மூக்கொழுகல், ரோமம் சிலிர்ப்பது, ஓயாத கொட்டாவி. விலகல் அறிகுறிகள் என்பவை போதையின் கண்ணாடி பிம்பம்.

இதுவரை பாடப்புத்தகம். எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான் வருகிறது.

உடல் அந்த எதிர்த்தள்ளலை மருந்து உள்ளே வந்தபிறகு தொடங்குவதில்லை. வரப்போகிறது என்று தெரிந்ததுமே தொடங்கிவிடுகிறது! பாவ்லோவின் நாய் சாப்பாடு வரும் அடையாளத்தைக் கண்டதுமே எச்சில் ஊறவிட்ட கதைதான், ஆனால் தலைகீழாக. இங்கே அடையாளத்தைக் கண்டதும் மருந்தின் விளைவு வராது, மருந்துக்கு எதிரான தயாரிப்புதான் வரும்.

இதைக் காட்டியவர் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷெப்பர்ட் சீகல். 1982ல் அவரும் சகாக்களும் வெளியிட்ட சோதனை அழகானது, கொஞ்சம் கொடூரமானதும்கூட. எலிகளுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஹெராயின் ஊசி, அளவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே. ஹெராயின் எப்போதும் ஒரே அறையில்தான். இடைப்பட்ட நாட்களில் வேறோர் அறையில் வெறும் சர்க்கரைக் கரைசல். கடைசியில் எல்லா எலிகளுக்கும் ஒரு பெரிய அளவு ஹெராயின். முன்பின் ஹெராயினே தெரியாத எலிகளில் 96 சதவீதம் செத்தன. பழகிய எலிகளுக்கு வழக்கமான அறையிலேயே கொடுத்தபோது 32 சதவீதம்தான் செத்தன. அதே அளவு பழகிய எலிகளுக்கு, சர்க்கரைக் கரைசல் அறையில் வைத்துக் கொடுத்தபோது? 64 சதவீதம்.

ஒரே மருந்து, ஒரே அளவு, ஒரே பழக்கம். மாறியது அறை மட்டும். சாவு இரண்டு மடங்கு. தாங்குதிறனில் ஒரு பங்கு செல்களில் இல்லை, சுவரிலும் வாசனையிலும் வெளிச்சத்திலும் இருந்திருக்கிறது. இந்தச் சோதனையை முதன்முதலில் படித்த அன்று அந்த மூன்று எண்களையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது எதிர்க்கேள்வி. அடையாளம் வந்து, தயாரிப்பும் நடந்து, மருந்து மட்டும் வராவிட்டால்? தள்ளும் கை மட்டும் மிஞ்சும். அதாவது மருந்து இல்லாமலே விலகல் அறிகுறி. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் லெக்சிங்டன் என்ற ஊரில், போதைக்கு அடிமையான கைதிகளுக்காக 1935ல் ஒரு பெரிய மருத்துவமனை திறந்தார்கள். அங்கே வேலை பார்த்த ஆபிரகாம் விக்லர், பல மாதங்களுக்கு முன்பே மருந்தை விட்டவர்கள் கூடி உட்கார்ந்து போதையைப் பற்றிப் பேசும்போது கொட்டாவி விடுவதையும், அவர்கள் கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிவதையும் கண்டார். விடுதலையாகிப் பழைய பேட்டைக்குத் திரும்பியதும் அப்படியே வருவதாகப் பலர் சொன்னார்கள்.

வாசகியின் தம்பிக்கு வந்ததும் அதே கொட்டாவிதான்.

சின்ன ஊரில் இது ஏன் இவ்வளவு கடுமையாக இருக்கிறது என்பதும் இங்கிருந்தே புரியும். பெரிய நகரத்தில் பழைய தெருவைச் சுற்றிக்கொண்டு போகலாம், பழைய நண்பரைப் பார்க்காமலே வருடங்கள் ஓட்டலாம். சின்ன ஊரில் ஒரே சாலை, ஒரே பேருந்து நிறுத்தம். ஊசி போட்ட இடம் வீட்டு ஜன்னலிலிருந்து தெரியும். விற்றவர் சொந்தக்காரராகவே இருப்பார். ஊர் முழுக்க ஷுல்ட்ஸின் விளக்குகள்.

வியட்நாம் போரின்போது அங்கிருந்த அமெரிக்க வீரர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஹெராயினுக்கு அடிமையாகியிருந்தார். இவர்கள் திரும்பிவந்தால் நாடு என்னவாகும் என்று அரசு பதறியது. லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் அவர்களைத் தேடித்தேடிப் பேட்டி கண்டார். திரும்பிய முதல் 10 மாதங்களில் மறுபடி அடிமையானவர்கள் அவர்களில் 5 சதவீதம்தான். போரும் போய்விட்டது, மலிவாகக் கையில் கிடைத்த ஹெராயினும் போய்விட்டது என்பது உண்மை, அதனால் முழுப் புகழையும் இடமாற்றத்துக்குக் கொடுக்க முடியாது. ஆனாலும் அவர்கள் பழகிய அறை கடலுக்கு அப்பால் இருந்தது. நம் தம்பியின் நிலை நேர் எதிர்: தொலைவில் குணமாகி, அறைக்கே திரும்பி வருகிறார்.

அப்படியானால் மையத்தில் கற்ற பாடம் எங்கே போயிற்று? அதற்கு உளவியலாளர் மார்க் பூட்டன் எலிகளிடமிருந்து பதில் வைத்திருக்கிறார். ஒரு பெட்டியில் பயத்தைக் கற்ற எலிக்கு, வேறொரு பெட்டியில் வைத்து அந்தப் பயத்தைப் போக்கலாம். பழைய பெட்டிக்குள் விட்டதும் பயம் திரும்பி வந்துவிடும். பழைய பாடம் அழிவதே இல்லை, அதன்மேல் புதிதாக ஒன்றை எழுதுகிறோம், அந்தப் புதிய எழுத்து பெரும்பாலும் எழுதிய அறையிலேயே தங்கிவிடுகிறது.

இதில் இன்னோர் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. விட்டிருந்த மாதங்களில் செல்களின் தாங்குதிறன் இறங்கிவிடும், ஏக்கம் மட்டும் இறங்காது. பழைய ஏக்கத்தோடு பழைய அளவைப் போட்டால் மூச்சு நின்றுவிடலாம். வாஷிங்டன் மாநிலச் சிறைகளிலிருந்து வெளிவந்தவர்களைப் பற்றி 2007ல் ஓர் ஆய்வு வெளியானது. முதல் 2 வாரங்களில் அவர்கள் போதை அளவு மீறி இறக்கும் அபாயம் மற்றவர்களைவிட 129 மடங்கு!

சரி, சிகிச்சை? நிறைய இருக்கிறது, சின்ன ஊரில் எது நடைமுறைக்கு வரும் என்பதுதான் கேள்வி. ஹெராயினுக்குப் பதிலாகத் தரும் மெதடோன் என்ற மருந்து 1960களிலிருந்தே இருக்கிறது, நன்றாக வேலை செய்கிறது, ஆனால் பல நாடுகளில் தினமும் மையத்துக்குப் போய் வாங்க வேண்டும். பக்கத்து மையமே பல மணிநேரத் தொலைவு என்றால் யார் தினமும் போவார்? அதே வேலைக்கான இன்னொரு மருந்தான பியூப்ரெனார்ஃபினைச் சாதாரணக் குடும்ப மருத்துவரே தரும்படி பிரான்ஸ் 1990களின் நடுவில் வழி செய்தது. அடுத்த நான்கைந்து ஆண்டுகளில் அங்கே அளவு மீறிய சாவுகள் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு குறைந்தன. இப்போது மாதம் ஒருமுறை போடும் ஊசியாகவும் அது வந்துவிட்டது.

"ஒரு போதையை விட்டு இன்னொரு போதையா?" என்று கேட்பார்கள். மூளை செல்களில் ஹெராயின் போய் உட்காரும் நாற்காலியில் பியூப்ரெனார்ஃபின் உட்கார்ந்துவிட்டால் எளிதில் எழாது. ஆனால் அரை வேலைதான் பார்க்கும். குறிப்பிட்ட அளவுக்குமேல் எவ்வளவு ஏற்றினாலும் அதன் விளைவு அதிகமாகாது. விலகல் அறிகுறிகள் அடங்கும். அதன்மேல் ஹெராயின் போட்டாலும் காலியான நாற்காலி இல்லாததால் பெரிதாக ஒன்றும் நடக்காது. விளக்கு எரிகிறது, சாறு வரவில்லை. அதுவும் எங்கே? அதே ஊரில், அதே தெருவில். புதிய பாடம் சரியான அறையிலேயே எழுதப்படுகிறது. இந்த மருந்தில் என்னைக் கவர்ந்தது இதுதான்.

கோகெய்ன், மெத் (மெத்தாம்ஃபெட்டமின்) போன்ற ஊக்கிகளுக்கு இப்படிப்பட்ட மருந்து இல்லை. சிறுநீர்ச் சோதனையில் சுத்தமாக இருந்தால் சிறு பரிசு என்ற முறை, கேட்பதற்கு விளையாட்டாக இருந்தாலும், சோதனைகளில் திரும்பத் திரும்பப் பலன் காட்டியிருக்கிறது. மது கதையே வேறு. பல வருடம் கடுமையாகக் குடித்தவரைச் சட்டென்று நிறுத்தச் சொல்லி அறையில் பூட்டிவைத்தால் வலிப்பு வந்து உயிரே போகலாம், அதை மருத்துவர் துணையில்லாமல் செய்யக்கூடாது.

என் புலம்பல் ஒன்று. போதைச் சிகிச்சை என்றால் கட்டடம் கட்டவே மனம் போகிறது. ரிப்பன் வெட்டலாம், படுக்கைகளை எண்ணிக் காட்டலாம். திரும்பி வந்தவரோடு அதே தெருவில் ஆறு மாதம் நடந்துபோகும் ஒரு செவிலியருக்குச் சம்பளம் தர யாருக்கும் மனம் வருவதில்லை. கூடவே சத்தியம் வாங்கும் வைத்தியம். சத்தியம் செய்பவர் பொய் சொல்வதில்லை, ஆனால் கண்மணியையும் குடலையும் ஆளும் நரம்புகளுக்குச் சத்தியம் கேட்காது.

வாசகிக்கு: தம்பியை மறுபடி மையத்துக்கு அனுப்பினால், மருந்து ஊரிலும் தொடருமா, எந்த மருத்துவர் தருவார் என்பதை முதல் நாளே கேட்டுவிடுங்கள். நாலு பேர் பார்ப்பார்கள் என்று கூச்சமாக இருந்தால் தொலைபேசி வழியாகப் பார்க்கும் மருத்துவர் கிடைப்பாரா என்றும் விசாரியுங்கள். மூக்கில் பீய்ச்சும் நலோக்சோன் கிடைக்குமானால் வீட்டில் ஒன்று, பக்கத்து வீட்டில் ஒன்று வைத்திருங்கள். மூச்சு நின்றுகொண்டிருப்பவரின் நாற்காலிகளிலிருந்து ஹெராயினை அது நிமிடங்களில் தள்ளிவிடும். ஆனால் 30 முதல் 90 நிமிடத்தில் அதன் வேகம் தீர்ந்துவிடும், அதனால் எழுந்து உட்கார்ந்துவிட்டார் என்று ஆம்புலன்சைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். ஊருக்குள் நுழையும்போது மறுபடி கொட்டாவி விட்டால் பயப்பட வேண்டாம், கோபப்படவும் வேண்டாம். எலிகளுக்கும் லெக்சிங்டன் கைதிகளுக்கும் நடந்ததையெல்லாம் அவரிடம் சொல்லுங்கள். தன் உடம்பு ஏன் அப்படிச் செய்கிறது என்று அவருக்கும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.