ஆப்பை அழித்தாலும் திரும்ப வரவைப்பது யார்?

மனநல ஆலோசனைக்கு வருபவர்களில் பலர் இப்போது "நான் போனுக்கு அடிமை" என்று தாங்களே முடிவுசெய்துகொண்டுதான் வருகிறார்கள். ஆப்பை அழித்தேன், நாலு நாளில் திரும்பப் போட்டுவிட்டேன், எனக்கு மன உறுதியே இல்லை என்பார்கள். திரும்பப் போட வைத்தது யார் என்று கேட்பேன். கொஞ்சம் யோசித்துவிட்டுப் பெயர்களைச் சொல்வார்கள். நாத்தனார், பழைய ஆபீஸ் தோழி, துபாயில் இருக்கும் தம்பி.

புகுந்த வீட்டு வாட்ஸ்அப் குரூப் இதற்கு நல்ல உதாரணம். காலை ஐந்தரைக்கே குட்மார்னிங் படங்கள் வந்து விழும். ஒரு மருமகள் அதிலிருந்து வெளியேறினால் "கோவிச்சுக்கிட்டா" என்றுதான் பேச்சு வரும். நீல டிக்கை அணைத்து வைத்தாலும் குரூப்பில் அது செல்லாது, யார் படித்தார் என்று தெரிந்துவிடும். 2022-இல் சத்தமில்லாமல் வெளியேறும் வசதி வந்தது. அட்மினுக்கு மட்டும்தான் அறிவிப்பு போகும். சரி, அட்மினே பெரிய மாமனார் என்றால்? போதாக்குறைக்கு, போனவர்களின் பட்டியலை மற்றவர்கள் 60 நாள் வரை பார்க்கலாம்.

லைக்கும் பிறந்தநாள் வாழ்த்தும் ஏறக்குறைய மொய் மாதிரிதான். அவர்கள் வைத்ததை நாம் திருப்பி வைக்க வேண்டும். நோட்டு எதுவும் கிடையாது, ஆனால் எல்லோருக்கும் நினைவிருக்கும்.

சிகாகோ பல்கலைக்கழகப் பொருளியல் அறிஞர் லியோனார்டோ பர்ஸ்டின் குழுவினர் 2023-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றை அடிக்கடி எடுத்துச் சொல்வேன். நான்கு வாரம் கணக்கை முடக்கிவைக்க எவ்வளவு பணம் வேண்டும் என்று அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் கேட்டார்கள். டிக்டாக்குக்குச் சராசரியாக 59 டாலர், இன்ஸ்டாகிராமுக்கு 47 டாலர் கேட்டார்கள். கல்லூரியில் எல்லோருமே விலகுவதாக இருந்தால்? அப்போது கதை தலைகீழ். அப்படி நடப்பதற்குத் தாங்களே முறையே 28, 10 டாலர் கொடுக்கவும் தயார் என்றார்கள். மற்றவர்கள் உள்ளே இருக்க, தான் மட்டும் வெளியே நிற்க வேண்டுமே என்ற பயம்தான் பிடித்து வைத்திருக்கிறது. இதை மன உறுதிக் குறைவு என்று சொல்லி ஒருவரைக் குற்றவாளியாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

அதனால் "உடனே வெளியேறுங்கள்" என்று நான் சொல்வதில்லை. பேரனை வீடியோ காலில் பார்க்கும் தாத்தாவிடம் போய் அதைச் சொல்ல முடியுமா? யாருக்காக உள்ளே இருக்கிறீர்களோ, அந்த இரண்டு மூன்று பேரிடம் முதலில் பேசுங்கள். "குரூப்பில் அதிகம் வரமாட்டேன், ஞாயிற்றுக்கிழமை நானே கூப்பிடுகிறேன்" என்று சொன்னால் பெரும்பாலும் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. அப்புறம் குரூப்பை நிரந்தரமாக மியூட் செய்து ஆர்கைவில் போட்டுவிடலாம்.

பிள்ளைகள் விஷயம் கொஞ்சம் வேறு. ஸ்னாப்சாட்டில் ஸ்ட்ரீக் (இரண்டு பேர் விடாமல் தினமும் ஸ்னாப், அதாவது படமோ வீடியோவோ, அனுப்பிக்கொள்ளும் நாள் கணக்கு) அறுந்துபோகாமல் இருக்க, இரண்டு பேரும் 24 மணி நேரத்துக்குள் ஆளுக்கு ஒரு ஸ்னாப் அனுப்பியாக வேண்டும். ஒருவன் நிறுத்தினால் நண்பனுடையதும் சேர்ந்தே போகும். பரீட்சை நேரத்தில் பாஸ்வேர்டை இன்னொருவனிடம் கொடுத்து ஸ்ட்ரீக்கைக் காப்பாற்றச் சொல்லும் பிள்ளைகளும் உண்டு. போனைப் பிடுங்கலாமா என்று கேட்கும் பெற்றோரிடம், அவன் செட்டில் இருக்கும் மற்ற பிள்ளைகளின் பெற்றோரோடு பேசிப் பாருங்கள் என்பேன். நாலு வீட்டிலும் ஒரே நாளில் தொடங்கி, பரீட்சை முடியும்வரை நிறுத்தி வைத்தால், ஒருவன் மட்டும் எதையும் தவறவிட்டதாக நினைக்க மாட்டான்.